கை ஊகம் (சீட்டாட்டம்)

எதிராளி எடுப்பது, கழிப்பது, பந்தயம் ஏற்றுவது ஆகியவற்றைக் கொண்டு அவர் கைச்சீட்டைக் கணிக்கும் திறன். தமிழர் பலருக்கு இது ரம்மியில் பழகியது.

13 சீட்டு ரம்மியில் ஒருவர் கீழே கிடந்த ஆர்ட்டின் 7ஐ எடுக்கிறார். அவரிடம் 5-6, 6-8, 8-9 அல்லது வேறிரு 7 இருக்கலாம். அடுத்த சுற்றில் ஆர்ட்டின் 8ஐப் போட்டால் வரிசை கீழ்நோக்கியது என்று தோன்றும். ஆனால் இரண்டு கட்டு கலந்த ஆட்டம். அந்த 8 உபரியாகவோ தூண்டிலாகவோ இருக்கலாம்.

போக்கரில் கைச்சீட்டு மறைவாகவே இருப்பதால் எண்ணிக்கை முக்கியம். இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1,326. இரண்டு ஏஸ் 6 விதமாகவும், ஏஸ்-ராஜா 16 விதமாகவும் அமையும். நம்மிடம் ஒரு ஏஸ் இருந்தால் அவை 3, 12 ஆகக் குறையும். தேர்ந்தவர் ஒரே கையை ஊகிப்பதில்லை. சாத்தியமான கைகளின் தொகுப்பை வைத்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் சிலவற்றைக் கழிக்கிறார். போட்டிகளில் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும்; காசு வற்றியவர் சுமாரான கைக்கும் எல்லாவற்றையும் வைப்பார். சினிமா காட்டும் கண் துடிப்பு இந்தக் கணக்குகளுக்குப் பிறகுதான்.

இந்தத் திறமையைச் சட்டமும் கணக்கில் கொள்கிறது: செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியதால் ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்றது. மகாராஷ்டிரத்துக்குரிய 1887ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் திறமை ஆட்டத்துக்கு விலக்கு தருகிறது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை, திறமையானாலும், 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்தது.