பாராமகால் தந்த பட்டா

தர்மபுரி மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது மன்னர்களின் வரலாறு அன்று. மண்ணுக்கு உரியவன் யார் என்ற வழக்கின் வரலாறு!

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவின் பாராமகால் கும்பினியின் கைக்கு மாறிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, வயல்வாரியாகத் தீர்வை விதித்தனர். உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே எவரும் வேண்டா என்ற இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. உழவன்மீது கொண்ட அன்பா? அன்று! வரி சிந்தாமல் சிதறாமல் கருவூலம் சேரவேண்டும் என்ற கணக்கு. ஆயினும், அந்தக் கணக்கில் உழவனின் பெயர் ஏறிற்று.

ஏறிய பெயர் நிலைத்ததா? 1802இல் நிலையான தீர்வைச் சட்டம் வந்தது. சேலம் சீமையின் ஊர்கள் மிட்டாக்களாக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. பணம் படைத்தவர் மிட்டாதாரர் ஆனார். பாடுபட்டவன் அவர் வாசலில் நின்றான். இடைத்தரகை ஒழிக்கும் சட்டம் 1948இல்தான் வந்தது.

அப்போதும் ஏட்டில் ஏறாதவள் ஒருத்தி இருந்தாள். களை பறித்த மகள்! பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இலேயே செங்கற்பட்டு மாநாடு முழங்கிற்று. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்ய 1989 ஆயிற்று. அதுவும் முன்பே மணமானவளை விலக்கி! அந்தத் தடை நீங்க 2005 வரை காத்திருக்க நேர்ந்தது.

பட்டா வரிக்கான ஏடு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்பது நீதிமன்றங்களின் தீர்ப்பு. பத்திரமும் பதிவும் வில்லங்கச் சான்றும் உடன் வேண்டும். கைநாட்டால் கைமாறிய காணிகள் எத்தனை! உழவர் வீட்டுச் செல்வங்களே, ஏர் பிடித்த கை ஏட்டையும் பிடிக்கட்டும்; தங்கையின் பெயரும் அதில் ஏறட்டும்!