வாரிசுக்குப் பின்னும் ஓடிய வண்டி

2005ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆந் திகதி, இலண்டன் மாநகரின் மாபிள் ஆர்ச் சந்தியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட பஸ்வண்டி ஒன்றைக் காண்பதற்கு மக்கள் திரள்திரளாக வீதியோரங்களில் நின்றனர். அதில் அரசியார் எவரும் பயணஞ் செய்யவில்லை. 159ஆம் இலக்கப் பாதையில் நாள்தோறும் ஓடிய சிவப்பு நிற இரட்டைத்தட்டு வண்டிதான் அது. ரூட்மாஸ்ரர் எனப் பெயர்பெற்ற அவ்வகை வண்டிகள் நாளாந்த சேவையில் ஈடுபட்டமைக்கு அன்றே இறுதி நாள்.

அவ்வகையிற் கடைசி வண்டி செய்து முடிக்கப்பட்டது 1968இல். அவற்றின் இடத்தைப் பிடிப்பதற்கென 1971இல் புதிய வண்டிகள் வந்தன. ஆனால் ஏறக்குறைய எட்டு ஆண்டுகளிலேயே, 1979இல், அப்புதிய வண்டிகள் விலக்கப்படத் தொடங்கின. எஞ்சியவையும் 1990களின் தொடக்கத்தோடு மறைந்தன. பழைய ரூட்மாஸ்ரரோ மேலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. இது எவ்வாறு நேர்ந்தது என்பது பொறியியல் பற்றிய கேள்வி மாத்திரம் அன்று.

இங்கிலாந்திலே பஸ்வண்டிகளை அவதானிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். வண்டி இலக்கங்களைக் குறிப்புப் புத்தகத்திற் பதிவு செய்வதும், எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதனைச் செய்த கம்பனியைக் கூறுவதும் அவர்களுக்குக் கைவந்த கலைகள். 1940களிலேயே இயன் அலன் என்னும் வெளியீட்டாளர் அத்தகையோருக்கெனச் சிறு கைந்நூல்களை வெளியிட்டு நல்ல விற்பனை கண்டார். இவ்வன்பர்கள் கூடும் இடமெல்லாம் நடைபெறும் வாதம் ஒன்று உண்டு: ரூட்மாஸ்ரர் சிறந்ததா, அதற்கு மாற்றாக வந்த டெய்ம்லர் பிளீற்லைன் அவ்வளவு மோசமானதா? பெரும்பாலும் அவர்கள் வண்டியோடு வண்டியை ஒப்பிடுகின்றனர். வண்டிக்குப் பின்னால் நின்ற பட்டறையையும், வண்டிக்குள்ளே நின்ற கொண்டக்டரையும் மறந்துவிடுகின்றனர்.

ரூட்மாஸ்ரருக்கு முன்னர் இலண்டனை ஆண்டவை ஆர்.ரி. எனும் குடும்பத்து வண்டிகள். 1939 முதல் 1954 வரை ஏறக்குறைய 7000 வண்டிகள் அவ்வகையிற் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் போக்குவரத்து நிறுவனம் ஏனைய கம்பனிகளோடு சேர்ந்து ஹலிபாக்ஸ் என்னும் குண்டுவீச்சு விமானங்களைச் செய்து கொடுத்தது. பாரங் குறைந்த அலுமினியத் தகடுகளைக் கொண்டு உறுதியான உடலை ஆக்கும் வித்தை அங்கே கைவரப்பெற்றது. ஏ. ஏ. எம். டுரன்ற் தலைமையிலான பொறியியலாளர்கள் போருக்குப் பின் அவ்வித்தையைப் பஸ்வண்டிக்குப் பயன்படுத்தினர். கனமான அடிச்சட்டம் நீக்கப்பட்டு, உடலே பாரத்தைத் தாங்குமாறு அமைக்கப்பட்டது. அதனால் 56 ஆசனங்கள் கொண்ட ஆர்.ரி. வண்டியின் நிறையளவிலேயே 64 ஆசனங்கள் கொண்ட வண்டியை உருவாக்க முடிந்தது. சுக்கானைத் திருப்புவதற்கு இயந்திர உதவி, தானே மாறும் கியர், முன்சில்லுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருள்வில் என்பன அக்காலத்துப் பஸ்வண்டிகளிற் காண்பதற்கரியவை. வண்டியின் தோற்றத்தைத் தீட்டியவர் டக்ளஸ் ஸ்கொற். முதல் வண்டி 1954இற் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1956 பெப்ரவரி 8ஆந் திகதி பிரயாணிகளை ஏற்றிற்று. மொத்தம் 2876 வண்டிகள் செய்யப்பட்டன.

இவற்றின் நீண்ட ஆயுளுக்கு உண்மையான காரணம் இலண்டனுக்கு வடக்கே ஓல்டனம் என்னுமிடத்தில் இருந்தது. நிலக்கீழ் இரயில்களுக்கென அமைக்கப்பட்ட கட்டிடம் அது. இரயில்பாதையோ அங்கு போய்ச் சேரவேயில்லை. போர்க்காலத்தில் விமானப்பகுதிகள் செய்யும் இடமாயிருந்து, பின்னர் பஸ்வண்டிகளை முற்றாகப் புதுப்பிக்கும் மாபெரும் பட்டறையாயிற்று. அங்கு வரும் வண்டியின் உடலை ஓரிடத்துக்கும், சில்லும் எஞ்சினும் கொண்ட அடிப்பாகங்களை வேறிடத்துக்கும் அனுப்புவர். உடலை இராட்சதச் சட்டமொன்றிற் பூட்டிப் பக்கவாட்டிற் சாய்த்து அடிப்பக்கத்தைக் கழுவுவர். இளைஞர் பலரைக் கவர்ந்த கிளிஃப் ரிச்சர்ட் நடித்த 'சமர் ஹொலிடே' என்னும் 1963ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தொடக்கக் காட்சிகள் இப்பட்டறையிலேயே எடுக்கப்பட்டவை. அப்படத்தில் வரும் வண்டியை ரூட்மாஸ்ரர் என்றே பலர் இன்றும் கூறுவர். அது ஆர்.ரி. வண்டி.

ஓல்டனத்தில் நடந்த மற்றொரு விந்தை அன்பர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு வண்டி பட்டறையிற் பல நாட்கள் கிடந்தால் அதற்குச் செலுத்திய வரி வீணாகுமல்லவா? ஆகவே, பழைய வண்டி உள்ளே நுழைந்ததும் அதன் இலக்கத்தகடு கழற்றப்பட்டு, ஏற்கெனவே புதுப்பித்து முடிக்கப்பட்ட வேறொரு வண்டியிற் பூட்டப்படும். இலக்கம் உடனே வீதிக்குத் திரும்பிவிடும். உள்ளே போன உடலோ வேறோர் இலக்கத்தோடு பின்னர் வெளியே வரும். ஓர் இலக்கத்தை உயிராகப் போற்றி, அது பிறந்த ஆண்டையும் ஓடிய பாதைகளையும் குறித்து வைத்த அன்பர், தாம் போற்றிய வண்டியின் உடல் வேறெங்கோ வேறு பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை அறிந்து திகைத்ததில் வியப்பில்லை. நூதனசாலைகளில் இன்று நிற்கும் வண்டிகளிற் பலவும் இவ்வாறு உடல் மாறியவையே.

இத்துணைச் சிறப்புடைய வண்டியை மாற்ற வேண்டிய தேவை என்ன? ஆள் பற்றாக்குறையே முதற் காரணம். ஒவ்வொரு வண்டிக்கும் சாரதி ஒருவரும் கொண்டக்டர் ஒருவரும் வேண்டும். 1956 முதல் மேற்கிந்தியத் தீவான பார்படோஸ் வரை சென்று ஆட்சேர்க்கும் நிலை ஏற்பட்டது. சொந்தக் கார் பெருகிற்று. 1958இல் ஏழு வாரம் நீடித்த வேலைநிறுத்தத்திற் பிரயாணிகள் பலர் பஸ்ஸைக் கைவிட்டனர். சாரதியே சீட்டும் கொடுத்தால் ஒரு சம்பளம் மிஞ்சும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், அதற்கேற்ற புதிய வண்டிகளை வாங்குவோருக்கு விலையில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுக்க வகைசெய்தது. கொண்டக்டர் நிற்பதற்கெனப் பின்புறம் திறந்த மிதிபலகை வைத்துச் செய்த ரூட்மாஸ்ரருக்கு இச்சலுகையில் இடமிருக்கவில்லை.

ரூட்மாஸ்ரரின் பாகங்களைக் கொண்டே, எஞ்சின் பின்புறத்திலும் வாயில் முன்புறத்திலும் அமைந்த வண்டியொன்று 1966இற் செய்யப்பட்டது. எவ்.ஆர்.எம். 1 என்பது அதன் பெயர். புதிய தேவைக்கு ஏற்ற வடிவமும், பழைய பட்டறைக்கு ஏற்ற உறுப்புகளும் ஒருங்கே பெற்ற வண்டி அது. எனினும் இரண்டாவது வண்டி செய்யப்படவேயில்லை. அதனைச் செய்த ஏ.ஈ.சி. கம்பனி 1962 முதல் லேலன்ட் குழுமத்துக்குள் அடங்கியிருந்தது. 1968இல் டெய்ம்லரும் அதே குடைக்கீழ் வந்தது. ஏனைய நகரங்களுக்கு விற்கும் வண்டிகள் கையிருப்பில் இருக்க, இலண்டனுக்கென ஒரு தனி வண்டியைச் செய்ய அவர்கள் ஏன் முன்வருவர்? அன்பர்களின் வாதங்களிற் பெரிதும் பேசப்பட வேண்டியது இவ்வண்டியே; பிளீற்லைன் அன்று.

பிளீற்லைன் வண்டிகள் 1971 யனவரி 2ஆந் திகதி ஓடத் தொடங்கின. 2600க்கும் மேற்பட்டவை வாங்கப்பட்டன. காசு போட்டால் வழிவிடும் சுழற்கதவு ஒன்றும் அவற்றில் இருந்தது. அது அடிக்கடி பழுதுற்றது. பிரயாணிகளும் அதனைத் தவிர்த்துச் சாரதியிடமே வரிசையில் நின்றனர். முன்னர் வண்டி ஓடிக்கொண்டிருக்கையிலேயே கொண்டக்டர் காசு வாங்கி முடித்துவிடுவார். இப்பொழுதோ ஒவ்வொரு தரிப்பிலும் வண்டி காத்து நின்றது. இதனை எஞ்சினின் குற்றம் என்று எவர் கூறமுடியும்? கியர்ப்பெட்டிகள் பழுதுற்றமையும் உண்மையே. ஆனால், உடலையும் அடிப்பாகத்தையும் வெவ்வேறாகப் பிரித்து வேலை செய்யப் பழகிய ஓல்டனத்துக்கு இவ்வண்டி ஒவ்வவில்லை. ஒரு வண்டிக்கென அமைத்த பட்டறையில் இன்னொரு வண்டி நோயாளியாகவே கிடந்தது. ஓல்டனமும் 1986இல் மூடப்பட்டது.

இலண்டன் கழித்த இவ்வண்டிகள் வேறிடங்களிற் காட்டிய திறமை இக்கூற்றுக்குச் சான்று. இடப்பக்கம் வண்டியோட்டும் நாடுகளுக்கே அவை பொருந்தும். ஆதலின் ஹொங்கொங்கின் சைனா மோட்டார் பஸ் கம்பனி அவற்றை வாங்கிற்று. செங்குத்தான வீதிகளும் பெருங் கூட்டமும் நிறைந்த அத்தீவிலே, உதவாதவை எனத் தள்ளப்பட்ட பிளீற்லைன்கள் பல ஆண்டுகள் நன்றாக உழைத்தன.

இலண்டன் கழித்ததை வாங்கி உழைக்கச் செய்தமையில் இலங்கை ஹொங்கொங்குக்கும் முந்தியது. 1958 யனவரி 1ஆந் திகதி தனியார் கம்பனிகளின் பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, வண்டிகளின் தேவை மிகுந்திருந்தது. இலண்டனிற் பாவித்த ஆர்.ரி. குடும்பத்து வண்டிகள், சிறப்பாக லேலன்ட் எஞ்சின் பூட்டியவை, பல நூற்றுக்கணக்கிற் கப்பலேறி வந்தன. கொழும்பு வீதிகளில் இரட்டைத்தட்டில் ஏறி முன்னாசனத்துக்குப் போட்டியிட்ட அந்நாளைய சிறுவர்கள், இலண்டன் சிறுவர் முன்பு அமர்ந்த அதே ஆசனத்திலேயே அமர்ந்தனர். 1980களின் பிற்பகுதியில் ரூட்மாஸ்ரர் வண்டிகளும் சில இங்கு வந்தன. பிரித்தானியாவிலும் 1986இற் பஸ் சேவையிற் போட்டி அனுமதிக்கப்பட்டபோது, கிளாஸ்கோ முதலிய நகரங்கள் பழைய ரூட்மாஸ்ரர்களை வாங்கின. கொண்டக்டர் உள்ள வண்டி தரிப்பில் நேரத்தை இழக்காது என்பதை அங்குள்ள வியாபாரிகள் கணக்கிட்டு அறிந்திருந்தனர்.

எனினும் ரூட்மாஸ்ரரின் புகழுரையில் எப்போதும் விடுபடும் ஒரு பகுதி உண்டு. நடக்க இயலாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிவரும் தாய் ஆகியோர் அவ்வண்டியை எவ்வாறு பார்த்தனர்? உயர்ந்த படி, நடுவே நிறுத்திய கம்பம், ஒடுங்கிய நடைவழி. 1956 முதல் 2005 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, சக்கர நாற்காலியில் இருந்த இலண்டன்வாசி ஒருவர் தம் வீட்டு வாசலால் நாள்தோறும் போன அவ்வண்டியில் ஒரு தடவைதானும் தாமாக ஏறியிருக்க முடியாது. திறந்த மிதிபலகையிலிருந்து வீழ்ந்து காயமுற்றோரும் உளர். 2000ஆம் ஆண்டில் மேயரான கென் லிவிங்ஸ்ரன் முதலில் இவ்வண்டிகளை ஆதரித்து, விற்ற சிலவற்றைத் திரும்ப வாங்கியும் ஓடவிட்டவர். அவர் காலத்திலேயே அவை விலக்கப்பட்டன. தாழ்ந்த தளமுள்ள வண்டிகளே ஓடவேண்டும் என்ற நியாயத்துக்கு விடை கூற அன்பர்களிடம் வாதம் எதுவும் இருக்கவில்லை. அவர்களிற் பலர் விடை கூற முயலவுமில்லை. எஞ்சின் ஒலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

இடையில் வந்த 18 மீற்றர் நீள மடிப்பு பஸ்கள் இலண்டன் வீதிகளில் 2011 டிசெம்பருடன் முடிந்தன. அவற்றை அகற்றுவதாக வாக்களித்து மேயரான பொரிஸ் ஜோன்சன், பழைய வண்டியின் மிதிபலகையையும் புதிய வண்டியின் தாழ்ந்த தளத்தையும் ஒன்றுசேர்க்கக் கட்டளையிட்டார். தோமஸ் ஹெதர்விக் தோற்றத்தை அமைத்தார். வட அயர்லாந்தின் றைற்பஸ் கம்பனி செய்தது. 2012 பெப்ரவரியில் 38ஆம் இலக்கப் பாதையில் முதல் வண்டி ஓடிற்று. பின்னர் ஆயிரம் வண்டிகள் வரை பெருகின. மேல்தட்டில் ஜன்னல்களைத் திறக்க இயலாமையால் கோடையிற் பிரயாணிகள் வெந்தனர். பின்னர் திறக்கும் ஜன்னல்கள் பொருத்தப்பட்டன. பின்புற மிதிபலகையிற் காவலுக்கு நின்ற ஊழியர்கள் சீட்டுக் கொடுப்பவர்கள் அல்லர். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கட்டாது என்று 2016இல் அவர்களும் நீக்கப்பட்டனர். ஆள் நீங்கியதும் திறந்த மிதிபலகைக்கும் கதவு பூட்டப்பட்டது. 2020 முதல் அவ்வண்டிகளிலும் பிரயாணிகள் முன்கதவால் ஏறிச் சாரதியின் அருகிலுள்ள கருவியிலேயே கட்டணத்தைச் செலுத்துகின்றனர். பின்வாயில் இறங்குவதற்கு மாத்திரம்.