அச்சேறாத எழுத்தை யார் காப்பது?

பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து அமைச்சரிடம் வினாத் தொடுப்பது இன்று நமக்குச் சாதாரண நிகழ்ச்சி. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பதிவான முதல் வினா 1721 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையில் எழுப்பப்பட்டது. தென்கடல் கம்பனி சரிந்து ஆயிரக்கணக்கானோர் முதலை இழந்திருந்த வேளை அது. அக்கம்பனியின் தலைமைக் காசாளர் நாட்டைவிட்டுத் தப்பிவிட்டார் என்ற செய்தி உண்மையா எனக் கௌப்பர் பிரபு அரசாங்கத்திடம் கேட்டார். ஆக, முதல் வினா பணத்தைப் பற்றியது. பின்னர் போர், வரி, தானியம், புகையிரதம் எனப் பல பொருள்கள் பற்றி வினாக்கள் எழுந்தன. மக்கள் கணினியில் எழுதுவனவற்றை எங்கே, யார் பாதுகாப்பது என்னும் வினா எழுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. அந்த வினாவின் வரலாற்றையே இங்கு நோக்குகின்றேன்.

வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அரசின் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை முதலில் இயற்றியவர் பிரான்சின் முதலாம் பிரான்சுவா மன்னர். ஆண்டு 1537. இதனைச் சட்ட வைப்பு என்பர். இங்கிலாந்தில் சேர் தோமஸ் பொட்லி 1610 இல் இலண்டன் அச்சாளர், நூல் வணிகர் சங்கத்துடன் ஓர் உடன்பாடு செய்து, ஒக்ஸ்போர்ட் நூலகத்துக்கு நூற்பிரதிகள் வர வழிசெய்தார். 1710 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒன்பது பிரதிகளைக் கேட்டது. 1911 ஆம் ஆண்டின் சட்டம் ஆறு நூலகங்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. பிரித்தானிய நூதனசாலை, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், ஸ்கொட்லாந்து, வேல்ஸ், டப்ளின் ஆகிய இடங்களில் அவை அமைந்திருந்தன.

சட்டம் இருந்ததனால் மட்டும் நூல்கள் வந்து சேர்ந்துவிடவில்லை. 1836 இல் பாராளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று பிரித்தானிய நூதனசாலையின் நிர்வாகத்தைத் துருவி விசாரித்தது. அதன்முன் சாட்சியமளித்தவர்களுள் அந்தோனியோ பனிற்சியும் ஒருவர். இத்தாலியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர் அவர். அறிவைத் தேடும் வசதியில் ஏழை மாணவனும் நாட்டின் பெருஞ்செல்வந்தனும் சமமாக இருக்க வேண்டும், அதற்கு அரசாங்கமே கைகொடுக்க வேண்டும் என்பது அவரது வாதம். 1850களில் பிரதி கொடுக்காத பதிப்பாளர்களை அவர் நீதிமன்றம் வரை இழுத்தார். பதிப்பாளர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நூலகத்துக்கு வரும் நூல்களின் தொகையோ பெருகியது. சட்டம், அதை இயக்க ஒரு மனிதர், அவரைக் கேள்வி கேட்கும் ஒரு மன்றம் என்ற மூன்றும் கூடியபோதுதான் காரியம் நடந்தது.

இந்த வரலாறு நமக்குப் புறம்பானதன்று. இலங்கையில் அச்சாளர், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 1885 இல் முதலாம் இலக்கச் சட்டமாக வந்தது. கொழும்பு நூதனசாலை நூலகம் அவ்வாண்டு முதல் அச்சு நூல்களின் வைப்பிடமாயிற்று. 1882 டிசம்பரில் கண்டியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெவ்வை, ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படும் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டதும் அதே 1885 இல்தான். இலண்டனில் பிரித்தானிய நூதனசாலை சேர்த்து வைத்திருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட் என்பவரும் நாமறிந்த ஜீ. யூ. போப்பும் தொகுத்த பட்டியல் 1909 இல் வெளியாயிற்று. நமது முன்னோர் எதை எழுதினார்கள் என்று தேடும் ஆய்வாளருக்கு இன்றும் கைகொடுப்பவை இத்தகைய வைப்புக்களும் பட்டியல்களுமே.

ஆனால் இச்சட்டங்கள் யாவும் அச்சகத்தை நோக்கியே எழுந்தவை. மை படாத எழுத்தை அவற்றுக்குத் தெரியாது. இக்குறை எவ்வளவு பாரதூரமானது என்பதை உணர்த்த ஓர் உதாரணம் போதும். 1086 இல் வில்லியம் மன்னரின் கட்டளைப்படி இங்கிலாந்தின் காணிகளையும் குடிகளையும் கணக்கெடுத்து டூம்ஸ்டே ஏட்டில் எழுதினார்கள். ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட அவ்வேடு இன்றும் வாசிக்கக்கூடியதாக உள்ளது. அதன் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986 இல் பீ.பீ.சீ. நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. நாட்டை நான்கு கிலோமீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் அளவான துண்டுகளாகப் பிரித்து, பாடசாலை மாணவர்களிடமும் ஊர் மக்களிடமும் ஒப்படைத்தார்கள். தங்கள் ஊரின் கடைகள், வயல்கள், வேலைகள், பொழுதுபோக்குகள் பற்றிப் பிள்ளைகளே எழுதினார்கள். பத்து இலட்சம் பேர் பங்குகொண்ட அம்முயற்சி லேசர் தட்டுக்களில் பதியப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழிந்ததும் அத்தட்டை வாசிக்கும் கருவியைத் தேடிப்பிடிப்பதே அரிதாயிற்று. 2002 இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கருவி போல் இயங்கும் மென்பொருளை ஆக்கி அதை மீட்டுக் காட்டினார்கள். தொள்ளாயிரம் ஆண்டு நின்ற தோலுக்கும் பதினைந்து ஆண்டில் ஊமையான தட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தானியப் பத்திரிகைகள் அன்று பெரிதாகப் பேசின.

ஓர் ஆசிரியனாக இச்செய்தி என்னை மிகவும் உறுத்தியது. நான் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் ஒப்படைகளைப் பிளொப்பித் தட்டில் பதிந்து கொடுப்பது பெரும் மதிப்பாக இருந்தது. அத்தட்டை இன்று என் மாணவரிடம் காட்டினால் இது என்ன சேர் என்று கேட்கிறார்கள். அதே அலுமாரியில் இருக்கும் என் வாப்பாவின் கையெழுத்துக் கொப்பியை அவர்கள் தடையின்றி வாசிக்கிறார்கள்.

பிரித்தானியாவில் கலாசார அமைச்சு இக்குறையை அறியாதிருக்கவில்லை. 1998 இல் சேர் அந்தனி கென்னி தலைமையிலான குழு புதிய சட்டம் தேவை எனப் பரிந்துரைத்தது. 2000 இல் இறுவட்டு, நுண்படச்சுருள் போன்றவற்றைப் பதிப்பாளர்கள் தாமாக விரும்பிக் கொடுக்கும் ஏற்பாடொன்று நடைமுறைக்கு வந்தது. விரும்பினால் கொடுக்கலாம் என்பதற்கும் கொடுத்தேயாக வேண்டும் என்பதற்கும் இடையில் எத்தனை நூல்கள் நழுவும் என்பதைப் பனிற்சி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருந்தார்.

இந்நிலையில் அவ்வினாவைக் கையிலெடுத்தவர் கிறிஸ் மோல். 2001 நவம்பரில் இப்ஸ்விச் தொகுதி இடைத்தேர்தலில் தெரிவான தொழிற்கட்சி உறுப்பினர், சபைக்குப் புதியவர். அமைச்சரல்லாத உறுப்பினர்கள் சட்டமூலம் கொண்டுவரச் சீட்டுக் குலுக்கி வாய்ப்பளிப்பது அங்குள்ள வழக்கம். அரிதாகக் கிடைக்கும் அந்த வாய்ப்பை அவர் சட்ட வைப்பு நூலகங்களுக்குச் செலவிட்டார். இதனால் அவருக்கு ஒரு வாக்கேனும் கூடியிருக்குமா என்பது ஐயமே. தனிநபர் சட்டமூலங்களிற் பெரும்பாலானவை இடையிலே மடிந்துவிடும். அமைச்சின் ஆதரவு இருந்தமையால் இது தப்பியது. 2003 ஒக்டோபர் 30 அன்று அரச சம்மதம் பெற்றுச் சட்டமாயிற்று.

கதை இங்கு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அச்சட்டம் தானாக ஒரு இணையப் பக்கத்தையேனும் காப்பாற்றவில்லை. இலத்திரனியல் வெளியீடுகளுக்கான ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அது அமைச்சருக்கு வழங்கியது, அவ்வளவுதான். பதிப்பாளர்களுக்கு வருமானம் பற்றிய அச்சம். நூலகங்களுக்குச் செலவு பற்றிய கவலை. குழு அமைந்தது, கலந்தாலோசனை நடந்தது, மீண்டும் கலந்தாலோசனை நடந்தது. ரெசா ஜோவெல், ஜேம்ஸ் பேர்னெல், அண்டி பேர்ன்ஹாம், பென் பிராட்ஷோ, ஜெரமி ஹன்ட், மரியா மில்லர் எனக் கலாசார அமைச்சர்கள் அறுவர் மாறினர். ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தது 2013 ஏப்ரல் 6 அன்று. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 2010 தேர்தலில், கிறிஸ் மோல் தமது ஆசனத்தை இழந்துவிட்டார்.

கடதாசிக்கு இத்தாமதம் பெரிதல்ல. 1911 இல் வெளியான நூலொன்றை 1921 இல் தேடினாலும் யாரோ ஒருவரின் பரணில் கிடைக்கும். இணையப் பக்கம் அப்படிக் காத்திராது. கட்டணம் செலுத்தத் தவறினால், நிறுவனம் மூடினால், உரியவர் மரணித்தால் அது இருந்த இடமே தெரியாது போய்விடும். 2004 முதல் பிரித்தானிய நூலகம் இணையத்தளங்களைச் சேகரிக்க முயன்றபோது, ஒவ்வொரு தளத்தின் உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2013 இல் சட்டத்தின் கை கிடைத்ததும், ஏறத்தாழ 48 இலட்சம் தளங்களை ஒரே முயற்சியில் திரட்டத் திட்டமிட்டார்கள். பனிற்சியின் ஏழை மாணவனுக்கு இன்னும் முழுமையாகக் கதவு திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதிப்பாளரின் நலன் கருதி, அச்சேகரிப்பை நூலகக் கட்டடத்துக்குள் இருந்தே பார்க்க முடியும். ஒரு நூலகத்தில் ஒரு வேளையில் ஒருவர் மட்டுமே ஒரு படைப்பைத் திறக்கலாம்.

அடுத்த சோதனை வெளியிலிருந்து வந்தது. 2023 ஒக்டோபர் 28 அன்று இணையக் கொள்ளையர் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளுக்குள் புகுந்து முடக்கிக் கப்பம் கேட்டனர். நூலகம் கொடுக்கவில்லை. நூற்பட்டியலைத் தேடும் வசதி ஓரளவுக்கேனும் மீண்டது 2024 ஜனவரியில். இலத்திரனியல் வைப்பிலிருந்தவை மாதக்கணக்காக வாசகருக்கு எட்டவில்லை. இலண்டனில் விழுந்த அடி மற்ற ஐந்து நூலகங்களின் வாசகரையும் தாக்கியது. ஏனெனில் வைப்பு முறை பொதுவானது. 2017 இல் கலாசார அமைச்சின் பெயரில் 'டிஜிற்றல்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2023 பெப்ரவரியில் அத்துறையை வேறோர் அமைச்சுக்கு மாற்றிப் பெயரையும் நீக்கினார்கள். பெயர்ப்பலகை மாறலாம், பாதுகாக்கும் கடமை எந்த மேசையில் இருக்கிறது என்பதை யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? நமது பிரதிநிதிகளிடம் வீதி கேட்கிறோம், பாலம் கேட்கிறோம், தொழில் கேட்கிறோம். கேட்க வேண்டியவைதாம். நமது இளங்கவிஞர் பலரின் எழுத்துக்கள் இன்று முகநூலில் பிறந்து முகநூலிலேயே மறைகின்றன. மாணவர் மலர்களும் சிறு சஞ்சிகைகளும் கோப்புக்களாகக் கைத்தொலைபேசியில் சுற்றுகின்றன. 1885 ஆம் ஆண்டின் சட்டம் அச்சாளரின் கதவைத் தட்டியது. அச்சாளரே இல்லாத எழுத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது? 2005 முதல் நூலகம் திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் முஸ்லிம்களின் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றிவருவது போற்றுதற்குரிய பணி. என்றாலும் ஒரு நாட்டின் கடமையைத் தன்னார்வலர் சிலரின் தோளில் ஏற்றிவிட்டு இருந்துவிட முடியாது.

பிரித்தானிய அனுபவத்தில் நான் கண்ட பாடம் இதுதான்: இத்தகைய வினாவை இழப்பு நேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும், சட்டம் வந்த பிறகும் விடாது கேட்க வேண்டும். ஓர் உறுப்பினரின் வினாவும் அமைச்சரின் விடையும் ஹன்சாட்டில் அச்சாகி நிலைத்துவிடுகின்றன. 1885 இல் எழுதியவரைத் தேட நமக்கு ஒரு நூலகம் இருந்தது. இன்று எழுதுவோரைத் தேடும் பேரப்பிள்ளைகள் அந்த ஹன்சாட்டைப் புரட்டும்போது, அங்கு ஒரு வினாவாவது பதிந்திருக்க வேண்டாமா?