பட்டா போடும் முயல்கள்

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்குது.

திருமங்கலம்னு சொன்னா உங்கள்ல நிறைய பேருக்கு 2009 இடைத்தேர்தல்தான் ஞாபகம் வரும். எனக்கு அது அம்மா வீடு. அந்த வீட்டு வராண்டாவுல ஒருநாள் விடியக்காலை எந்திரிச்சுப் பார்த்தா, தரை பூரா முடி. தலையணையைக் கிழிச்சு உதறின மாதிரி. ஒரு மூலையில ஜிகர், காதுல ரத்தம். இன்னொரு மூலையில தண்டா, மூச்சு வாங்கிட்டு நிக்குது. ஆமா, மதுரையில வாங்கின முயல்கள்ங்கறதால ஜிகர், தண்டான்னு பேரு.

ரெண்டு மாசக் குட்டிகளா வாங்கினப்போ, "ஜோடிம்மா, ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. மூணு மாசம் ஒண்ணு மேல ஒண்ணு தலை வச்சுத் தூங்குச்சுங்க. அப்புறம்தான் இந்த யுத்தம். மதுரையில ஒரு கால்நடை டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டு ஓடினேன். காதுக்கு மருந்து போட்டுட்டு, புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "ரெண்டுமே ஆண்."

அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. "ஏண்டி, ஒண்ணை ஒண்ணு கொன்னு போடுறதுக்கா வளர்க்குற? உசிலம்பட்டிப் பக்கம் கறிக்கு வளர்க்குறவங்க இருக்காங்க. ஒண்ணைக் குடுத்துரு." போறது ஜிகரா தண்டாவான்னு நான்தான் முடிவு பண்ணணும். ஒரு மாசம் டைம் கேட்டேன். அந்த ஒரு மாசத்துல நான் படிச்சதுதான் இந்த எபிசோட்.

ஒரே பேரு, ரெண்டு பிராணி

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். தமிழ்ல 'முயல்'னு ஒரே சொல்தான் இருக்கு. ஆனா அது ரெண்டு வேற வேற பிராணியைக் குறிக்குது.

சங்கப் பாட்டுகள்ல வேட்டை நாய் துரத்துற குறுமுயல், திருக்குறள்ல படைச்செருக்கு அதிகாரத்துல யானைக்கு எதிரா நிறுத்தப்படுற முயல், நிலாவுல தெரியுதுன்னு பாட்டி காட்டின முயல் எல்லாமே நம்ம ஊர்க் காட்டு முயல். பின்கழுத்து கறுப்பா இருக்கும். திருமங்கலத்துல இருந்து கல்லுப்பட்டி பக்கம் ராத்திரி பைக்ல போனா, கரிசக்காட்டு ஓரம் ஹெட்லைட் வெளிச்சத்துல கண்ணு மின்ன ஒண்ணு குறுக்க ஓடுமே, அதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுறது குற்றம்.

இந்தக் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்கு நடுவுல உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம், அதுல பெரும்பாலும் தனியாத்தான் படுக்கும். குட்டிங்க பிறக்கும்போதே முடியோட, கண்ணு திறந்து பிறக்கும்.

நம்ம வீட்டுல வளர்க்குற வெள்ளை முயல் அந்த வம்சமே கிடையாது. அதோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் இருக்கிற ஐபீரியத் தீபகற்பம். மண்ணுக்கு அடியில வளை தோண்டி, கூட்டமா வாழ்ற பிராணி. குட்டிங்க முடியே இல்லாம, கண்ணு மூடித்தான் பிறக்கும். குரோமோசோம் கணக்குகூட வேற. காட்டு முயலுக்கு 48, இதுக்கு 44. ரெண்டும் சேர்ந்து குட்டி போடாது.

இது ஏன் முக்கியம்னு கேட்டீங்கன்னா, நம்ம மனசுல இருக்கிற முயல் தனியா ஓடுற முயல். அதனால ஒண்ணை மட்டும் வாங்கி கூண்டுல போட்டா தப்பாவே தெரியாது. இன்னொரு பக்கம், கூட்டமா வாழ்றதுதானேன்னு ரெண்டை வாங்கி ஒரே கூண்டுல போட்டுட்டு, தானா ஒத்துப் போயிரும்னு நினைக்கிறோம். நான் செஞ்சது ரெண்டாவது தப்பு.

ரோமானியர் வேலியும் மண்ணவனூர் கூண்டும்

ரோமானியர்கள் முயலையும் காட்டு முயலையும் மதில் சுவர் கட்டின தோட்டங்கள்ல அடைச்சு, சாப்பாட்டுக்காக வளர்த்தாங்க. ஹேட்ரியன் பேரரசர் காலத்து நாணயங்கள்ல ஸ்பெயினை ஒரு பெண்ணா வரைஞ்சு, பக்கத்துல ஒரு முயலையும் போட்டிருக்காங்க. அதே சமயம், மத்தியதரைக் கடல் தீவு மக்கள் முயல் தொல்லை தாங்காம அகஸ்டஸ்கிட்ட ராணுவ உதவி கேட்டாங்கன்னு பிளினி எழுதி வச்சிருக்கார்.

கி.பி. 600 வாக்குல போப் கிரிகரி முயல் குட்டியை மீனா எண்ணிச் சாப்பிடலாம்னு சொன்னதால துறவிகள் முயல் வளர்க்க ஆரம்பிச்சாங்கன்னு இணையம் பூரா ஒரு கதை ஓடுது. 2018-ல ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அதுக்கு ஆதாரமே இல்லன்னு காட்டிட்டாங்க. குறிப்பிட்ட ஒருநாள்ல யாரோ முயலைப் பழக்கினாங்கன்னு சொல்ல முடியாது, ரொம்ப மெதுவா நடந்த விஷயம் அது. ஆனா ஒண்ணு மட்டும் மாறல. கறிக்கும் தோலுக்கும் ரோமத்துக்கும்தான் மனுஷன் முயலை வளர்த்தான். அதுங்களுக்குள்ள ஒத்துப் போகுதான்னு கவலைப்பட அவனுக்கு அவசியம் வரல.

நம்ம ஊர்லயும் அதே கதைதான். கொடைக்கானலைத் தாண்டி மண்ணவனூர்ல, மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தோட தென்மண்டல மையம் 1965-ல இருந்து இருக்கு. டூர் போனவங்க பார்த்திருப்பீங்க. அங்க ஆடுகளோட முயலும் வளர்க்குறாங்க. ரோமத்துக்கு அங்கோரா, கறிக்கு ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா.

பண்ணை முறையில வளர்ந்த முயலுக்குத் தனித்தனிக் கூண்டு. சண்டை வராது, நோய் பரவாது, இனப்பெருக்கம் நம்ம கையில இருக்கும். பண்ணைக்காரங்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. இணை சேர்க்கும்போது பெட்டையைத்தான் ஆண் முயல் கூண்டுக்குக் கொண்டு போகணும், ஆணைப் பெட்டை கூண்டுல விடக்கூடாது. விட்டா அது தன் இடத்தைக் காக்கக் கடிச்சுரும்.

இதைப் படிச்சப்போதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பிரச்சினை முயலோட குணத்துல இல்ல, இடத்துல இருக்கு.

கொல்லப் படிச்ச படிப்பு

இப்ப ஆஸ்திரேலியா போவோம். 1859-ல தாமஸ் ஆஸ்டின்னு ஒரு பண்ணையார், விக்டோரியா மாநிலத்துல தன்னோட எஸ்டேட்ல வேட்டையாடி விளையாட இங்கிலாந்துல இருந்து முயல் இறக்கினார். ரெண்டு டஜன்தான். முயல் நாலஞ்சு மாசத்துல பருவத்துக்கு வரும், சுமார் 31 நாள்ல குட்டி போடும், போட்ட அன்னைக்கே மறுபடி சினை பிடிக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. ஐம்பது வருஷத்துக்குள்ள கண்டத்தோட பெரும்பகுதியில பரவிருச்சு. 1901-ல மேற்கு ஆஸ்திரேலியாவுல முயலைத் தடுக்கவே பல நூறு மைல் நீளத்துக்கு வேலி கட்ட ஆரம்பிச்சாங்க. முயல் வேலியையும் தாண்டிருச்சு. 1950-ல மிக்சோமா வைரஸை விட்டுக் கோடிக்கணக்குல கொன்னாங்க.

ஒரு எதிரியை அழிக்கணும்னா அது எப்படி வாழுதுன்னு தெரியணும் இல்லையா? அதுக்காக அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ முயலோட வாழ்க்கையைப் படிக்க ஆள் போட்டுச்சு. அதுல ஒருத்தர் ரோமன் மிகிட்டோவிச், உக்ரைன்ல பிறந்த கால்நடை விஞ்ஞானி. வேலி போட்ட இடத்துல முயல்களை விட்டு, ராவும் பகலும் கவனிச்சார்.

அவர் கண்டது இதுதான். முயல் கூட்டத்துல ஆண்களுக்குள்ள ஒரு வரிசை, பெண்களுக்குள்ள ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை முயல் வாசனையால எழுதுது. தாடைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அதைக் கல்லுல, வேர்ல, குச்சியில தேய்ச்சுக்கிட்டே போகும். மேல்நிலையில இருக்கிற ஆண்தான் அதிகம் தேய்க்கும், அதோட சுரப்பியும் பெருசா இருக்கும். புழுக்கையைக் குவிச்சு வைக்கிறதும் எல்லைக்கல்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஜிகர் என் லேப்டாப்ல, செருப்புல, கட்டில் கால்ல தாடையைத் தேய்ச்சப்போ பாசம்னு நினைச்சு ரீல்ஸ் போட்டிருக்கேன். அவன் பட்டா போட்டிருக்கான்! நாலு நாள் கழிச்சு அதே கட்டில் காலுக்குத் தண்டாவும் பட்டா போட்டா, நிலத் தகராறு வராம என்ன பண்ணும்?

அதே காலத்துல வேல்ஸ்ல ரொனால்ட் லாக்லியும் முயல்களை வருஷக்கணக்கா கவனிச்சு, 1964-ல ஒரு புத்தகம் போட்டார். அதைப் படிச்சுத்தான் ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972-ல 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலுக்குத் தகவல் எடுத்தார். அப்புறம் 1980-கள்ல கலிபோர்னியாவுல மரினெல் ஹாரிமன் மாதிரி ஆளுங்க, முயலைக் கூண்டை விட்டு வீட்டுக்குள்ள வச்சு வளர்க்க ஆரம்பிச்சாங்க. கருத்தடை பண்ணி, மெதுவா அறிமுகப்படுத்தி ஜோடி சேர்க்குற முறை அப்படித்தான் பரவுச்சு. கொல்றதுக்காகப் படிச்ச படிப்பு, கடைசியில சேர்த்து வாழ வைக்க உதவுது.

புறம்போக்குல பேச்சுவார்த்தை

சரி, வீட்டுக்கு வருவோம். டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணினாங்க. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடக்கூடாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஹார்மோன் இறங்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அம்மாகிட்ட வாங்கின ஒரு மாசம் அதுலயே போச்சு. இன்னொரு மாசம் கடன் கேட்டேன்.

அதுவரைக்கும் பக்கத்துல பக்கத்துல ரெண்டு கூண்டு. மூக்கைக் கடிக்க முடியாத அளவுக்கு நடுவுல ஒரு சாண் இடைவெளி. தினமும் இவன் படுத்த துணியை அவனுக்கு, அவன் துணியை இவனுக்கு. சில நாள் கூண்டையே மாத்திப் போட்டேன். வாசனை பழகணும், 'இது எதிரி வாசனை இல்ல, வீட்டு வாசனை'ன்னு.

அப்புறம் சந்திப்பு. எங்க வீட்டுல ஒரு இஞ்ச் விடாம ரெண்டு பேரும் பட்டா போட்டாச்சு. ரெண்டு பேருமே கால் வைக்காத புறம்போக்கு நிலம் வேணும். தெரு முனையில அத்தை வீட்டு ஹால் கிடைச்சுது. திருமங்கலம் வெயில் முயலுக்கு ஆகாது, காது வழியாத்தான் அதுங்க சூட்டை வெளியேத்தும். அதனால காலை ஆறு மணிக்கே போயிருவேன். முதல் நாள் பத்து நிமிஷம்தான். கையில தடிமனான துண்டு, சண்டை வந்தா நடுவுல போட. வெறுங்கையை விடவே கூடாது. காது பின்னால ஒட்டி, வால் தூக்கினா உஷார். சுத்திச் சுத்தித் துரத்தினா உடனே பிரிக்கணும். ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்காம தன்னைத்தானே நக்கிக்கிட்டு உட்கார்ந்தா, அது நல்ல சகுனம்.

மூணாவது நாள் பாய்ஞ்சுதுங்க. துண்டைப் போட்டுப் பிரிச்சேன். அன்னைக்கு நான் அழுதுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல, அதுவே பயமா இருந்துச்சு.

பதினோராவது நாள் ஜிகர் வந்து தண்டா முன்னாடி தலையைத் தாழ்த்தி வச்சான். பணிவுன்னு நினைச்சேன். இல்லையாம், "நக்கி விடு"ன்னு கேட்குற அதிகாரமாம். நம்ம கோயில் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்குன்னு ஊரே ரெண்டுபடுமே, அந்த மாதிரி தருணம். தண்டா கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் குனிஞ்சு, கிழிஞ்சு ஆறின அந்தக் காதை நக்கி விட்டான்.

அடுத்த வாரம் வராண்டாவை வினிகர் போட்டுத் துடைச்சு, பழைய பட்டாவெல்லாம் ரத்து பண்ணி, ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள விட்டோம். ரெண்டு தண்ணிக் கிண்ணம், ரெண்டு பக்கமும் வாசல் வெட்டின அட்டைப்பெட்டி, யாரும் யாரையும் மூலையில மடக்க முடியாத மாதிரி. இப்ப அவங்களுக்குக் கூட்டுப் பட்டா.

ரெண்டும் சரிசமமா வாழலங்க. ஜிகர்தான் பெரியாளு. தண்டா அதை ஏத்துக்கிட்டான். முயல் உலகத்துல சமாதானம்னா அதுதான். மனுஷங்களுக்கு அது சரியா வருமான்னு என்னைக் கேட்காதீங்க.

முயல் வாங்கப் போறவங்க ஒண்ணு செய்ங்க. 'ஜோடி'ன்னு யார் சொன்னாலும் நம்பாம, டாக்டர்கிட்ட காட்டி ஆணா பெண்ணான்னு உறுதி பண்ணுங்க. ரெண்டு பேருக்கும் கருத்தடைக்கு ஆகுற செலவையும் சேர்த்து பட்ஜெட் போடுங்க.

போன வாரம் ஃபோன்ல அம்மாகிட்ட சும்மா கேட்டேன், "உசிலம்பட்டிக்கு யாரை அனுப்பலாம்?" "போடி"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. பின்னாடி கொத்தமல்லித் தழையை யாரோ மெல்லுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும்தான்னு நினைக்கிறேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.