முடியாத படமும் தீராத கடனும்

தாம் விரும்பிய திரைக்கதையை இரசிகர்கள் தாமே மீண்டும் படமாக்க முனைவதுண்டு. கதையின் உரிமை பிறரிடம் இருப்பதால், உரியவர் இசைவின்றி அப்படத்தை விற்றுப் பொருளீட்ட இயலாது. ஆதலின் அதில் நடித்தோர்க்கும் உழைத்தோர்க்கும் உரிய ஊதியம், முடிந்த படத்தைக் காணும் மகிழ்ச்சி ஒன்றே.

1981-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' வெளியாயிற்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எரிக் ஸாலா, கிறிஸ் ஸ்ட்ரோம்போலோஸ், ஜேசன் லாம் என்னும் சிறுவர் மூவர், அதனைக் காட்சிக்குக் காட்சி எடுக்க 1982-இல் தொடங்கினர். கைச்செலவுக் காசே முதல், தோழர்களே நடிகர்கள். ஆண்டுகள் பல உருண்டமையால், ஒரே பாத்திரம் ஒரு காட்சியில் சிறுவனாகவும் மறு காட்சியில் இளைஞனாகவும் தோன்றும். 1989-இல் படம் முடிந்தது; விமானத்தருகே நிகழும் சண்டை மட்டும் எஞ்சியது. நாற்பதைக் கடந்தபின், 2014-இல், பொதுமக்கள் நன்கொடையால் அதனையும் எடுத்தனர்.

இத்தகைய நிறைவு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. பணம் தீரலாம், ஊக்கம் தளரலாம். அப்போதும் தலைவனுக்குக் கடமை உண்டு: முயற்சி நின்றதை மறைக்காது சொல்லுதல், உழைத்தோர் பெயரைப் பதிதல், எடுத்த காட்சிகளை அவர்களுக்கு அளித்தல். கூலி கேளாதவர்க்குப் பட்ட கடனே முதலில் தீர்க்கத் தக்கது.