ஆட்டிசம்: பழி சுமந்த பெற்றோர் வாங்கித் தந்த உரிமைகள்

1/ ஆட்டிசம் இருக்கிற குழந்தையோட ஓ.பி.க்கு வர்ற அம்மாக்கள் பலர் கேக்குற முதல் கேள்வி: "நான் சரியா வளர்க்கலையா டாக்டர்?" இல்லம்மா. ஆனா இந்தப் பழியை ஒரு காலத்துல மருத்துவ உலகமே அறிவியல்னு சொல்லி சுமத்துச்சு. அந்த வரலாறு இது.

2/ 1943. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இது பிறவியிலேயே வருவதுன்னு சொன்னவர், பெற்றோர் பலர் பாசம் காட்டாதவர்கள்னும் குறிப்பிட்டார். பின்னாடி வந்தவங்க இந்த ரெண்டாவதையே பிடிச்சுக்கிட்டாங்க. "ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ந்த அம்மா"தான் காரணம்னு ஒரு கொள்கையே உருவாச்சு. 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அதை இன்னும் பரப்புச்சு.

3/ எதிர்த்து நின்னது யார்? ஒரு அப்பா. பெர்னார்ட் ரிம்லாண்ட், உளவியலாளர், மகனுக்கு ஆட்டிசம். 1964ல், இது மூளை வளர்ச்சி சார்ந்ததுன்னு வாதிட்டு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே பெற்றோர் சங்கம். 1969ல் அந்தச் சங்கக் கூட்டத்துக்கு வந்த கன்னரே, பெற்றோர் மேல குற்றமில்லைன்னு அறிவிச்சார்.

4/ லண்டன்ல 1962லேயே பெற்றோர் சங்கம் வந்தாச்சு. 1965ல் ஈலிங்ல பள்ளி. 1974ல் சாமர்செட்ல பெரியவங்களுக்கான இல்லம். அந்தச் சங்கத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் மனநல மருத்துவர் லோர்னா விங். அவரும் ஆட்டிசம் உள்ள மகளின் அம்மா. "ஸ்பெக்ட்ரம்"னு இன்னைக்கு நாம பேசுறது அவர் ஆய்வுகள்ல இருந்து வந்ததுதான்.

5/ இந்தியாவுக்கு வருவோம். 1991ல் டெல்லியில் மெரி பரூவா என்ற தாய் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கினார். ஆனா 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தது 7 குறைபாடுகள். அதில் ஆட்டிசம் இல்லை! சட்டத்தில் பேர் இல்லைன்னா சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லைன்னா சலுகையும் இல்லை.

6/ 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் என்ற பெயர் வந்தது. 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசு வேலையில் 4% ஒதுக்கீடு. அதில் ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கு சேர்த்து 1%.

7/ இன்னைக்கு என்ன கேட்டு வாங்கலாம்?
▪️ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (டி.இ.ஐ.சி.): குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனை, பயிற்சி
▪️ யு.டி.ஐ.டி. அட்டை
▪️ 40% அல்லது அதுக்கு மேல் சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி
▪️ நிராமயா காப்பீடு: வருஷம் ரூ.1 லட்சம் வரை
▪️ 18 வயசுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலர் நியமனம். தேவைப்படுறவங்க கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்கணும்

8/ இவ்வளவும் இருந்தும், "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா?" என்ற கேள்விக்கு காப்பாளர் பேர் எழுதின ஒரு காகிதம் மட்டும் பதிலாகாது. 18 வயசுல பள்ளி முடியும், ஆட்டிசம் முடியாது. தங்க இடம், செய்ய வேலை, பக்கத்துல துணை. இது மூணும் மாவட்டந்தோறும் அரசு சேவையா வரணும். இங்கிலாந்துப் பெற்றோர் 1974ல் தொடங்கினது இதைத்தான்.

9/ பள்ளி, சங்கம், சட்டம் எல்லாத்துக்கும் முதல்ல நடையா நடந்தது பெற்றோர்தான். அடுத்த கட்டத்துக்கும் அவங்களையே தனியா அலைய விடக்கூடாது. உங்க தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தா, 7வது பதிவை அவங்ககிட்ட சேர்த்துடுங்க. 🙏