யாத்திரையும் செல்வமும்: இராமேசுவரத் தீவின் பொருளியல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வெளியிலிருந்து வருவோரின் செலவைப் பெரிதும் நம்பி வாழும் ஒரு தீவைச் செல்வமுடையது எனக் கருதலாமா என்னும் வினாவை இராமேசுவரத்தின் நானூறாண்டு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சேதுபதிகளின் கொடைகள், 1914ஆம் ஆண்டுப் பாம்பன் பாலம், 1964ஆம் ஆண்டுப் புயல், 1988க்குப் பிந்தைய சாலைப் போக்குவரத்து ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தீவுக்குள் வரும் பணத்தின் அளவைவிட, அது எவ்வடிவில் எவரிடம் தங்குகிறது என்பதே செல்வத்தைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: இராமேசுவரம், சேதுபதிகள், யாத்திரை, பாம்பன் பாலம், தனுஷ்கோடி, சுற்றுலாப் பொருளியல்

முன்னுரை

திருவள்ளுவர் ‘நாடு’ என்னும் அதிகாரத்தில் செல்வத்தைத் தனித்து நிறுத்தவில்லை. நோயின்மை, விளைச்சல், இன்பம், காவல் ஆகியவற்றோடு சேர்த்தே அதனை நாட்டுக்கு அணியாக எண்ணுகிறார். வருவாய் வேறு, வளம் வேறு என்னும் இவ்வேறுபாடு இன்றைய சுற்றுலாத் தீவுகளை மதிப்பிடவும் உதவுகிறது. 1972இல் சுற்றுலா விடுதிகளைத் தொடங்கிய மாலத்தீவு, 2011இல் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியது. ஆயினும் பெருந்தொற்றால் பயணிகள் வருகை தடைப்பட்ட 2020இல் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது.

தமிழகத்தில் இவ்வினாவுக்கு உரிய களம் இராமேசுவரம். ‘சுற்றுலா’ என்னும் சொல் வழக்கில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அத்தீவு வருவோரை நம்பி வாழத் தொடங்கிவிட்டது. வருகைக்கான வழி யார் கையில் இருந்தது, வருவாய் எவ்வடிவில் தங்கியது, வருகை நின்றபோது எது எஞ்சியது என்னும் மூன்று கேள்விகளை முன்வைத்து அதன் வரலாறு இங்கு நோக்கப்படுகிறது.

1. வழிக்காவலும் கொடையும்

சேதுபதிகளின் ஆட்சியுரிமையே யாத்திரையோடு பிணைந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர், சேது வழியில் செல்லும் யாத்திரிகர்களுக்குக் காவல் அளிக்கும் பொறுப்புடன் உடையான் சேதுபதியை அப்பகுதியின் தலைவராக ஏற்றார் என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஒப்பும் செய்தி. யாத்திரிகர் வரவு பெருகுவதற்கு வழியின் பாதுகாப்பே முதற்காரணம் என்பதை அன்றைய அரசு உணர்ந்திருந்தது.

தீவு மணற்பாங்கானது, நெல் விளைச்சலுக்கு ஏற்றதன்று. எனவே கோயிலின் அன்றாட வழிபாடும் அன்னதானமும் தீவின் விளைச்சலைச் சார்ந்திருக்க இயலவில்லை. சேதுபதிகள் நிலப்பரப்பிலுள்ள ஊர்களைக் கோயிலுக்குக் கொடையாக அளித்ததை எஸ். எம். கமால் தொகுத்த சேதுபதி மன்னர் செப்பேடுகளால் அறியலாம். தஞ்சை மராத்திய மன்னர்களும் இராமேசுவரச் சாலையில் சத்திரங்கள் அமைத்தனர். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் மூன்றாம் பிரகாரம் நிறைவெய்தியது.

இக்கட்டத்தில் யாத்திரிகரின் காணிக்கை ஒரு பங்கே. மறுபங்கு நிலத்தின் விளைச்சல். ஒரு பருவத்தில் யாத்திரிகர் குறைந்தாலும் நிலக்கொடை தொடர்ந்து பயன் தந்தது. வருவாய் நிலமாகவும் கட்டடமாகவும் அறக்கட்டளையாகவும் தங்கியது. ஆனால் அச்செல்வத்தின் உரிமை கோயிலிடமும் அரசிடமும் இருந்ததேயன்றித் தீவின் குடிகளிடம் இல்லை.

2. தோணியும் பாலமும்

நிலப்பரப்பிலிருந்து தீவுக்குக் கடலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்த காலத்தில், கடக்கும் வழி தீவினரின் தொழிலாக இருந்தது. யாத்திரிகரையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற தோணிகளின் கூலி அங்கேயே தங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம் இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமும், கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப்பகுதியும் கொண்ட அப்பாலத்தால் யாத்திரை எளிதாயிற்று. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. வருவோர் தொகை பெருக, கடத்தற்கூலி தோணிக்காரரிடமிருந்து தொடர்வண்டி நிறுவனத்துக்குச் சென்றது.

மேனாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் முன்னோர் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுவதுண்டு. வணிகமும் படகோட்டமும் கொண்டு செழித்திருந்த அக்குடும்பம் பாலம் வந்தபின் நலிந்தது என்பர். அவருடைய தந்தையார் பின்னர் இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகரை ஏற்றிச் செல்லப் படகு ஒன்றைக் கட்டியதையும், அது புயலில் அழிந்ததையும் ‘அக்கினிச் சிறகுகள்’ நூல் கூறுகிறது. ஊருக்கு வருவோர் பெருகிய அதே காலத்தில் ஊரார் தொழில் ஒன்று சுருங்கியது.

3. 1964: மீண்டதும் மீளாததும்

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் தொடர்வண்டி நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுள் மூழ்கியது. தொடர்வண்டி நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம் எனச் சகல அமைப்பும் பெற்றிருந்த அவ்வூர் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது.

சிதைந்த பாம்பன் பாலம் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. பாம்பன் – தனுஷ்கோடி இருப்புப்பாதையோ மீண்டும் அமைக்கப்படவில்லை. வருவோர் செல்லும் வழி மீண்டது. இருப்போர் வாழ்ந்த ஊர் மீளவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்னர், அழிந்த ஊரின் இடிபாடுகளே காட்சிப்பொருளாயின. குடிநீரும் மின்சாரமும் அரிதான அங்கு மீனவக் குடும்பங்கள் இன்றும் குடிசைகளில் வாழ்கின்றன.

4. விடுதியும் விசைப்படகும்

1988 அக்டோபர் 2 அன்று சாலைப்பாலம் திறக்கப்பட்டது. பேருந்திலும் சிற்றுந்திலும் வருவோர் பெருகினர். வந்த அன்றே திரும்பவும் இயன்றது. சமையற்காரரையும் பொருள்களையும் உடன்கொண்டு வரும் யாத்திரைக் குழுக்களும் உண்டு. ஆகவே வருகையின் எண்ணிக்கையைக் கொண்டு ஊரின் வருவாயைக் கணித்தல் பிழையாகும்.

2011 கணக்கெடுப்பின்படி 44,856 மக்களைக் கொண்ட இராமேசுவர நகரத்தின் சொந்த உற்பத்தித் தொழில் மீன்பிடித்தல். அதுவும் 1974, 1976ஆம் ஆண்டுக் கடல் எல்லை உடன்பாடுகளாலும், விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தாலும் வரையறைக்கு உட்பட்டது. இலங்கை கடற்படையால் மீனவர் சிறைப்படுவதும் படகுகள் கைப்பற்றப்படுவதும் தொடர்கின்றன. 2020இல் கோயிலில் பக்தர் வருகை மார்ச்சு இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தடைப்பட்டபோது, இரண்டாவது ஊன்றுகோலின் வலுவின்மையும் வெளிப்பட்டது.

5. பழைய மாவட்டத்தின் மேற்குப் பகுதி: ஓர் ஒப்பீடு

1910இல் உருவாகி 1985இல் பிரிக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் மாவட்டத்துள் இராமேசுவரமும், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், இராஜபாளையம் ஆகியனவும் அடங்கின. ஸ்ரீவில்லிபுத்தூரும் ஆண்டாள் கோயிலால் யாத்திரிகரை ஈர்ப்பதே. எனினும் அங்கு வருவோரின் செலவு வேளாண்மை, கைத்தறி, பால் தொழில் ஆகியவற்றின் மேல் வந்து சேரும் கூடுதல் வருவாய். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிச் செல்லும் யாத்திரிகர் உள்ளூர்க் கறவைமாட்டுக்காரருக்கும் பயன் தருகிறார். அருகிலுள்ள இராஜபாளையத்தில் 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலை, வணிக முதலைத் தொழில் முதலாக மாற்றியது.

இவ்வொப்பீட்டை மிகைப்படுத்தலாகாது. 2018இல் நடுவண் அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமுமே. ஆலையுடைமையும் தானாகவே மக்கள் செல்வமாகிவிடுவதில்லை. ஆயினும் மேற்குப் பகுதியில் யாத்திரை நின்றால் ஒரு தொழில் தளரும். தீவில் ஊரே தளரும்.

முடிவுரை

இராமேசுவரம் நானூறாண்டுகளாகப் பெரும்பணம் புழங்கும் இடமாக இருந்துள்ளது. அப்பணம் கொடை நிலமாக மாறியபோது கோயில் செல்வமுடையதாயிற்று; தோணிக் கூலியாக இருந்தபோது சில குடும்பங்கள் செழித்தன; பாலம் வந்தபின் அதன் ஒரு பகுதி தீவைக் கடந்து சென்றது. எனவே சுற்றுலாவை நம்பிய தீவு வருவாயுடையது எனலாம். அவ்வருவாய் குடிகளின் உடைமையாகவும், மாற்றுத் தொழிலாகவும், பேரிடருக்குப் பின் மீளும் ஆற்றலாகவும் மாறாதவரை அதனைச் செல்வமுடையது எனல் பொருந்தாது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டுள்ள நிலையில், எத்தனை பேர் வருகின்றனர் என்பதோடு, வந்தவர் செலவில் தீவில் எஞ்சுவது எது என்பதையும் கணக்கிடும் கள ஆய்வுகள் தேவை.